நீ யாரு வீட்டுப் பையன்?

ஆம்பூரில் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கும் சின்ன யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். பத்து வருஷமாகப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: இங்கே தொழிலுக்கு முதல் கடன் கொடுப்பது பேங்க் அல்ல, சொந்தபந்தம்.

என்னிடம் வரும் இருவரைச் சொல்கிறேன். ஒருவருடைய மாமா சென்னை பெரியமேட்டில் தோல் மண்டி வைத்திருக்கிறார். போன் போட்டால் தோல் வந்து இறங்கும், பணம் 90 நாள் கழித்து. இஸ்லாமிய மார்க்கத்தில் வட்டி கூடாது, அதனால் வட்டிப் பேச்சே கிடையாது. பத்திரமும் கிடையாது. ஏமாற்றினால்? தங்கச்சி கல்யாணத்தில் பேச்சு வரும். அதைவிடப் பெரிய அடமானம் எது?

இன்னொருவர் 20 வருஷம் கட்டிங் மாஸ்டர். காலனிக்காரர். தாத்தா காலத்திலிருந்து தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற குடும்பம். தோலைத் தடவியே தரம் சொல்லிவிடுவார். சொந்தமாக நாலு மெஷின் போடலாம் என்று கிளம்பினார். மண்டியில் முதல் கேள்வி, "நீ யாரு வீட்டுப் பையன்?" அவருக்கு வயது 43. பேங்கில், "ஷூரிட்டி யாரு?" இரண்டும் ஒரே கேள்விதான். சிறுதொழிலுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. அதை எடுத்துச் சொன்னேன். மேனேஜர் சிரித்தார்.

கடைசியில் தண்டல்காரரிடம் கடன். நோட்டில் 10,000, கையில் 8,500, தினம் 100 வீதம் 100 நாள். ஆண்டுக்கணக்கில் 100 சதவீத வட்டியைத் தாண்டுகிறது என்று போட்டுக் காட்டினேன். "தெரியும் சார். அவன் ஒருத்தன்தான் நான் யாருன்னு கேக்கல" என்றார்.

சொந்தம் சொந்தத்துக்குக் கைகொடுப்பதை நான் திட்டவில்லை. மகமை, அதாவது வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைச் சமூகப் பொதுநிதிக்கு, எடுத்துப் பழகிய நாடார்கள் 1921-இல் தூத்துக்குடியில் தங்களுக்கென்று ஒரு வங்கியே தொடங்கினார்கள்; இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். "அவங்க மாதிரி நீங்களும் சேர வேண்டியதுதானே" என்று காலனிக்காரர்களுக்குச் சுலபமாக உபதேசம் செய்கிறார்கள். மகமை எடுக்க முதலில் வியாபாரம் வேண்டுமே! வாரக்கூலியில் எதைப் பிடித்து வைப்பது? 1974-இல் ஆதிதிராவிடர்களுக்கான அரசுக் கழகமான தாட்கோ வந்தது. அதன் மானியக் கடனும் அதே பேங்க் மேனேஜர் மேசையைத் தாண்டித்தான் வர வேண்டும்.

போன வாரம் முதல் ஆளிடம் இதைப் பேசினேன். நல்ல மனுஷர். "கட்டிங்ல அவர அடிச்சிக்க ஆளில்லண்ணே. ஜாப் ஒர்க் எவ்ளோ வேணா தர்றேன்" என்றார்.

"உங்க மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றேன்.

பேச்சு பிரியாணிக்குப் போய்விட்டது.