என்ன வியாபாரம்?

(பாபநாசம் பக்கம் ஒரு சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டக் காத்திருந்தபோது காதில் விழுந்தது.)

"முன்னால் பெட்டி வைத்த சைக்கிள் செய்து தருவீர்களா அண்ணே?"

"தாராளமாக. என்ன வியாபாரம்மா?"

"வியாபாரம் இல்லை. வீட்டுக்கு."

"ஓ, வீட்டிலேயே வியாபாரமா! இட்லி மாவா?"

"மாவெல்லாம் இல்லை. நான் போய்வர."

"போய்வர எதற்குப் பெட்டி? அது சரக்கு ஏற்ற."

"காலையில் பால் கேன் சொசைட்டிக்குப் போகவேண்டும். சின்னவனை அங்கன்வாடியில் இறக்கவேண்டும். அப்புறம் ரேஷனில் 20 கிலோ அரிசி, மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை, வரும் வழியில் மாட்டுக்கு ஒரு கட்டு புல்..."

"ரேஷன் அரிசி வியாபாரம் வேண்டாம்மா. கேஸ் ஆகிவிடும்."

"சாப்பிடத்தான் அண்ணே!"

"வீட்டில் டிவிஎஸ் ஃபிஃப்டி இருக்குமே?"

"இருக்கிறது. உங்கள் மாப்பிள்ளை அதில் டீக்கடைக்குப் போயிருக்கிறார். வரும்போது ஒரு பேப்பர் ஏற்றி வருவார்."

"பஸ்தான் பெண்களுக்கு 2021லிருந்து இலவசமாச்சே?"

"டவுன் பஸ் மெயின் ரோட்டோடு போய்விடும். அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் வாய்க்கால் கரை. டிக்கெட் இலவசம், மூட்டைக்கு என் தலை. நான் மாத்திரை வாங்கி வரும்வரை டிரைவர் நிறுத்தி வைத்திருப்பாரா?"

"அது சரி. ஆனால் பாரம் வைத்துப் பெண்பிள்ளை ஓட்ட முடியுமா?"

"புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்திலேயே, அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் பழகிய பெண்கள் பிள்ளையையும் குடத்தையும் வைத்து ஓட்டியாயிற்று. எனக்கும் பிளஸ் ஒன்னில் அரசாங்கம் சைக்கிள் கொடுத்தது. அந்தக் கூடையில் புத்தகப்பை வைக்கலாம். கல்யாணத்துக்கு அப்புறம் பைதான் கனத்துவிட்டது, கூடை அப்படியே இருக்கிறது."

(செல்போனை நீட்டினாள். முன்பெட்டிக்குள் இரண்டு பிள்ளைகள் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள்.)

"இது டென்மார்க். கோபன்ஹேகனில் ஒரு பட்டறைக்காரர் 1984இல் தன் துணைவிக்குப் பிறந்தநாள் பரிசாகச் செய்தாராம். அதைப் பார்த்து மற்றவர்களும் கேட்டிருக்கிறார்கள்."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அந்தம்மாவுக்கு என்ன வியாபாரம்?"

(எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.)

"நான் தினமும் சுமப்பதற்கு யாராவது கூலி கொடுத்திருந்தால், இந்நேரம் நீங்களே பெட்டி வண்டியோடு என் வாசலில் நின்றிருப்பீர்கள் அண்ணே."

"கோபப்படாதேம்மா. முன்னால் இரண்டு சக்கரம் போட்டுவிடலாம்."

"பெட்டிக்குள் சின்னவன் உட்காரப் பலகை வேண்டும். செயினுக்கு முழுசாக மூடி, சேலை மாட்டக்கூடாது. பிரேக் நன்றாகப் பிடிக்கவேண்டும். குடமுருட்டிப் பாலத்து இறக்கத்தில் பிள்ளையும் பாலும் அரிசியும் சேர்ந்து தள்ளும்."

"முன்சக்கரம் இரண்டுக்கும் தனித்தனி பிரேக்." முதல்முறையாகக் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "பலகை தேக்கா, வேம்பா?"

"வேம்பு போதும்."

"சரி. ரசீதில் பேர் எழுதியாச்சு. தொழில்?"

"வீட்டு வேலை."

"அது வியாபாரம் இல்லையேம்மா."

"அதைத்தானே அண்ணே வந்ததிலிருந்து சொல்கிறேன்!"

அவள் முன்பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். நான் ரசீதுப் புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். 'இட்லி மாவு' என்று எழுதியிருந்தார்.