பக்கத்து வீட்டு விளக்கு

மூன்றாம் பிறை. அதன் இருண்ட பக்கமும் மங்கலாகத் தெரியும். பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளிதான் அங்கே விழுகிறது. மாதத்தில் சில நாள்தான் இந்த அழகு. மாடியில் ட்ரைபாடை நிறுத்தி, லென்ஸை மேனுவல் ஃபோகஸில் வைத்து, 2 விநாடி எக்ஸ்போஷர் கொடுத்தேன். படத்தில் பிறைக்குக் குறுக்கே பச்சையும் வெள்ளையுமாக ஒரு கறை. பக்கத்து வீட்டு எல்இடி ஃப்ளட்லைட், நேராக லென்ஸில் அடிக்கிறது.

சரி, நிலவு மறைந்ததும் ஓரியன் நெபுலாவையாவது (வானில் மங்கலாக ஒளிரும் ஒரு வாயு மேகம்) பைனாகுலரில் பார்க்கலாம் என்று காத்திருந்தேன். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும். ஒருமுறை அந்தப் பக்கம் திரும்பினால் போச்சு, மறுபடி முதலிலிருந்து!

கேட்டுப் பார்த்தேன். பாதுகாப்புக்கு என்றார்கள். விளக்கு வேண்டாம் என்று யார் சொன்னது? வாசலில் விழ வேண்டிய வெளிச்சம் பாதி வானத்துக்கல்லவா போகிறது! கொஞ்சம் கீழே சாய்த்தால் அவர்கள் வாசலும் நன்றாகத் தெரியும், எனக்கும் வானம் கிடைக்கும். ஒரே ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்துகிற வேலை. அதற்கு மூன்று மாதமாக நடக்கிறேன்.