144 கல் கணக்குப் போட்ட அரும்பு

எங்கள் பள்ளியில் நாலாம் வகுப்பில் ஒரு பையன். அப்பாவுக்குக் காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வேலை. கணக்கில் அவன் நிலை 'அரும்பு'. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைக்கு இப்போது எதுவரை தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். அரும்பு என்றால் அடிப்படையே இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம்.

ஒரு நாள் மதியம் பேச்சுவாக்கில் கேட்டேன். "ஏம்ப்பா, ஒரு ரூம்பு பத்துக்குப் பத்து அடி. பத்து இஞ்சிக் கல்லு எத்தனை வேணும்?"

கூரையைப் பார்த்தான். "வரிசைக்குப் பன்னெண்டு டீச்சர். பன்னெண்டு வரிசை. நூத்தி நாப்பத்தி நாலு. ஒடையிறதுக்குப் பத்து சேத்து வாங்கணும்."

சேதாரத்தோடு கணக்குச் சொல்கிறவன் அரும்பா? தாளில் பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கு என்று எழுதிக் கொடுத்தால் அவனுக்குக் கை ஓடவில்லை என்பதும் உண்மைதான். பட்டறைக் கணக்கே போதும், பள்ளிக்கூடம் எதற்கு என்று நான் சொல்ல வரவில்லை. அந்த 144இலிருந்து அவனைத் தாளுக்குக் கூட்டிவர எனக்கு ரெண்டு வாரம் வேண்டும். அந்த ரெண்டு வாரத்தை யார் தருவது என்பதுதான் என் கவலை.

'மாணவர் மையக் கல்வி' என்றதும் பலருக்குப் பின்லாந்து ஞாபகம் வந்துவிடுகிறது. வாரம் ஒரு தடவையாவது வாட்ஸ்அப்பில் அந்த நாடு வந்து போகிறது. நான் நம்மூர்க் கணக்கைச் சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து. ஆங்கில வழிப் பிரிவும் இருந்தால் ஐந்து பத்தாகிவிடும். செட்டிநாட்டுக் கிராமங்களில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, மீதி வீட்டு வாசலில் காலையில் தனியார் பள்ளி வேன் நிற்கிறது. ஆக எங்களில் பலருடையது ஈராசிரியர் பள்ளிதான். நான் மூணாம் வகுப்புக்குப் பாடம் நடத்தினால் நாலும் அஞ்சும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிள்ளை தன் வேகத்தில் தானே படிப்பது காசுள்ள பள்ளிகளின் சொகுசு என்கிறார்கள். எங்கள் பள்ளியில் வேறு எப்படி நடத்துவதாம்?

இதை நாம் ஏற்கெனவே செய்து பார்த்தவர்கள். பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, பிள்ளை அட்டைகளைக் கொண்டு தன் வேகத்தில் ஏறும் ஏணிப்படி முறையை ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் பார்த்து, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது. பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை, ஓவியம் தொங்கவிடக் கம்பிப் பந்தல், தன் வருகையைத் தானே பதியும் அட்டவணை, ஆரோக்கியச் சக்கரம், கட்டுக்கட்டாய் அட்டைகள். முதல் ஆறு மாதம் நான் புலம்பாத நாளில்லை. பிறகு ஒரு நாள், காய்ச்சலில் ஒரு வாரம் வராதிருந்த பிள்ளை வந்தாள். நேரே அலமாரிக்குப் போய், விட்ட இடத்து அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் பிறகு நான் புலம்பவில்லை.

அந்த வருஷமே ஒருவர் பார்வையிட வந்தார்.

"என்னம்மா, ஒண்ணு இங்க நிக்குது, ஒண்ணு அங்க நிக்குது? மாசக் கடைசிக்குள்ள எல்லாம் இந்தப் படிக்கு வந்தாகணும்."

"அவங்கவங்க வேகத்துல போறதுதான் சார் இந்த முறையே."

"அது சரிம்மா. எனக்கு மேல கேப்பாங்கல்ல?"

அவர் கெட்டவர் இல்லை. அவர் கையில் இருந்த படிவத்தில் சதவீதத்துக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. அடுத்த மாதம் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதிவேட்டில் எல்லாரையும் அந்தப் படிக்கு ஏற்றிவிட்டேன். பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். வகுப்பறைக்கு ஏணி வந்தது. அலுவலகம் பழைய பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது.

இத்தனைக்கும் இந்த முறை நமக்குப் புதிதா என்ன? அந்தக் காலத்தில் நகரத்தாரின் பர்மா வட்டிக்கடைக்குப் போன பையன் பெட்டியடியில் உட்கார்ந்து, கணக்கெழுதப் பழகி, ஏஜெண்டுக்கு உதவியான அடுத்தாளாகி, அப்புறம்தான் ஏஜெண்டாக மூன்று வருஷத் தவணைக்குப் போவான். கை பழகப் பழக அடுத்த படி. (ஒரு சாதி ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திண்ணைப் பள்ளியிலும் எல்லாரும் ஏறி உட்கார முடிந்ததில்லை.) சென்னையில் ஒரு விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிப் படிக்கும் நம் பிள்ளைகளைப் பார்த்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டைத் தன் பள்ளியில் நடத்திப் பார்த்து, 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்றே அதற்கு அங்கே பெயர். கப்பலேறிப் போன நம் சட்டாம்பிள்ளை இப்போது 'சக மாணவர் கற்றல்' என்ற பெயரில் பயிற்சிக் கையேட்டில் திரும்பி வந்திருக்கிறார். வாங்கய்யா.

பள்ளியை மாற்று என்று எங்களிடம் சொல்வதற்கு முன்னால் மாவட்டக் கல்வி அலுவலகம் கொஞ்சம் மாறட்டும். பார்வையிட வருகிறவர் பதிவேட்டைக் கேட்கும் முன் ஒரு பிள்ளையோடு பத்து நிமிஷம் தரையில் உட்காரட்டும். போன மாசம் இது எங்கே இருந்தது, இப்போது எங்கே என்று கேட்கட்டும். மாவட்டச் சராசரி அப்புறம். வட்டார வள மையத்திலிருந்து வரும் ஆசிரியர் பயிற்றுநர் புள்ளிவிவரம் வாங்கிக்கொண்டு போகாமல், ஒரு பாடவேளை என்னோடு சேர்ந்து வகுப்பெடுக்கட்டும். ஐந்து வகுப்புக்கு ஐந்து பேர் இருக்கும் பள்ளிக்கும் எங்களுக்கும் ஒரே பயிற்சி எதற்கு? ஈராசிரியர் பள்ளிக்காரர்களைத் தனியாக ஒரு அறையில் விட்டால், எங்களுக்குள் பேசியே பாதி தீர்த்துக்கொள்வோம். அப்புறம், பிள்ளைகளின் நிலையைக் கைப்பேசிச் செயலியில் பதியும் அந்த மதிப்பீடு. அரும்பு, மொட்டு, மலர் என்று அழகாகப் பிரித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே நாள் குறித்தால் எப்படி?

கல்விக்குக் கொடுப்பதில் இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்துத்தான் காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. 1948 ஜூலை 25இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். இன்றைக்கும் வெளிநாட்டிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "டீச்சர், ஸ்கூலுக்கு என்ன வேணும்?" என்று கேட்கிறார்கள். பெயிண்ட், மின்விசிறி, ஸ்மார்ட் போர்டு எல்லாம் வந்திருக்கிறது. நன்றிதான். எனக்கு வேண்டியது வகுப்பில் இன்னும் ஒரு ஆள். அதில் கல்வெட்டுப் பதிக்க இடம் இல்லை என்பதால் வாய்விட்டுக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. பனையோலையில் கொட்டான் என்னும் கூடை முடையும் ஒரு ஆச்சியை வகுப்புக்கு அழைத்து வந்தேன். ஓலையை ரெண்டு விட்டு ஒன்று, மூன்று விட்டு ஒன்று என்று எண்ணி எண்ணிப் பின்னிய ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு வந்துவிட்டது. அதற்கும் எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

அந்தப் பையனுக்குக் கட்டம் போட்ட தாள் கொடுத்து நேற்று இன்னொரு அறை சொன்னேன். பத்துக்கு எட்டு அடி, எட்டு இஞ்சிக் கல். கட்டத்தை எண்ணி, முதல் தடவையாக 15, 12 என்று தாளில் எழுதிப் பெருக்கினான். 180. நான் சரி போடப் போனேன்.

"இருங்க டீச்சர். ஓரத்துக்கு பார்டர் கல்லுன்னா அதுல அம்பதைக் கழிக்கணும். பூ போட்டது நூத்தி முப்பதுதான் வரும்."

எனக்கு உடனே பிடிபடவில்லை. பென்சிலை வாங்கி நாலு பக்கமும் எண்ணிப் பார்த்தேன். ஐம்பதுதான்.

திங்கட்கிழமை செயலியில் மதிப்பீடு.