அரை நாளில் மதுரையைப் பார்த்து முடித்தவர்களே, கொஞ்சம் நில்லுங்கள்

"மதுரையில் கோயிலைத் தவிர வேற என்னதான் இருக்கு?"

இதை இன்னொரு முறை யாராவது என் முகத்துக்கு நேரே கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்ல என்னால் முடியாது. அவ்வளவு பேர் கேட்டுவிட்டார்கள். கேட்டாலாவது பரவாயில்லை. பாதிப் பேர் கேட்பதுகூட இல்லை. அவர்களே தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நடப்பது எப்போதும் ஒன்றுதான். ராமேஸ்வரத்துக்கும் கொடைக்கானலுக்கும் நடுவில் ஒரு நிறுத்தமாக மதுரையைச் சொருகியிருப்பார்கள். வேன் முற்பகலில் வந்து நிற்கும். மதியம் பன்னிரண்டரை மணிக்கு நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதே வரிசையில் நின்ற பிறகுதான் தெரியவரும். செல்போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு அரக்கப்பரக்க ஓடி அம்மனைப் பார்த்து, பொற்றாமரைக் குளத்தை ஒரு எட்டு எட்டிப்பார்த்து, வெளியே வந்து விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா. திருமலை நாயக்கர் மஹால் தூணைக் கட்டிப்பிடித்து நாலு படம். மூன்று மணிக்கு வண்டி கிளம்பிவிடும். மறுநாள் குடும்பக் குழுவில் செய்தி வரும்: ஒரே நெரிசல், ஒரே குப்பை, தாங்க முடியாத வெயில், கோயில் மட்டும் நன்றாக இருந்தது, அரை நாள் போதும்.

என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் கோயம்புத்தூரில் இருக்கிறான். போன மாதம் குடும்பத்தோடு வந்துபோன பிறகு போனில் அவன் சொன்னது: "அண்ணே, கோயில் சூப்பர்ணே. ஆனா சுத்தி இருக்கிற தெருவெல்லாம் என்னண்ணே இப்படி இருக்கு? அதையெல்லாம் இடிச்சு விட்டா நல்லா இருக்கும்." எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன்.

அந்தத் தெருக்கள்தான்டா மதுரை!

கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதிகள். மதிலைச் சுற்றிச் சித்திரை வீதிகள். அதற்கு வெளியே ஆவணி மூல வீதிகள், அப்புறம் மாசி வீதிகள், கடைசியில் வெளி வீதிகள். ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரம் சதுரமாகப் போட்ட இந்த அமைப்பில்தான் ஊர் இன்னும் இயங்குகிறது. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சியும் சொக்கநாதரும் ஏறிய பெரிய தேர்கள் ஓடுவது மாசி வீதிகளில்தான். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்தார் என்பது இந்த ஊரில் எல்லோரும் சொல்லும் வரலாறு. தேர் திரும்ப வேண்டும் என்பதற்காக அகலம் விட்ட வீதியில், தேர் ஓடாத நாளில் மளிகை மூட்டை இறங்குகிறது, நகைக்கடை வியாபாரம் நடக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். இதைப் பழைய ஊர் என்று பார்க்கத் தெரியாமல் நெரிசல் என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனால் எனக்கு வலிக்காதா?

ஜிகர்தண்டா குடித்த இடத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே நடுச்சாலையில் ஒரு தூண் நிற்கிறதே, அதை யாராவது அண்ணாந்து பார்த்தார்களா? 16ஆம் நூற்றாண்டில் விஸ்வநாத நாயக்கர் காலத்தில் எழுந்த மதுரைக் கோட்டைக்கு 72 கொத்தளங்கள், அதாவது மதிலோடு சேர்ந்த காவல் மேடைகள். 72 பாளையக்காரர்களும் ஆளுக்கொரு கொத்தளத்தைக் காக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1840களில் பிளாக்பர்ன் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் அந்தக் கோட்டையை இடிக்க வைத்தார். இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கே நிலம் என்று அறிவித்து, மூச்சு முட்டிக் கிடந்த ஊரை வெளியே விரியவிட்டார். அவர் நினைவாக ஊர்க்காரர்கள் நட்டதுதான் விளக்குத்தூண். இடிப்பு வேலையை மேற்பார்த்த மாரெட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றைக்கும் வீதிப் பெயர்களாக நிற்கிறார்கள். கோட்டை நின்ற எல்லையில்தான் வெளி வீதிகள் ஓடுகின்றன. மிச்சம் பார்க்க வேண்டுமா? பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கொத்தளத் துண்டு இருக்கிறது. கோயிலுக்குக் கிழக்கே விட்டவாசல் இருக்கிறது, பாண்டியர் கோட்டையில் எஞ்சிய வாசல். அதன் அடியில் நுழைந்து போகிறவர்களில் நூற்றில் ஒருவருக்காவது தாம் எதற்குள் நுழைந்து வருகிறோம் என்பது தெரியுமா?

மஹாலில் படம் எடுத்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 1636இல் கட்டி முடித்த அந்த அரண்மனையில் இன்று நிற்பது நாலில் ஒரு பங்குதான். மீதி எங்கே? திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றும்போது பெரும்பகுதியைப் பிரித்து எடுத்துப் போனார். அப்புறம் பாழடைந்து கிடந்ததை, சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் 1866 முதல் 1872 வரை பழுது பார்க்க வைத்தார். ஆனால் பிரித்தெடுத்தும் மிஞ்சியது மஹாலுக்குள் மட்டும் இல்லை. விளக்குத்தூணிலிருந்து சில நிமிடம் நடந்தால் பத்துத்தூண் சந்து. துணிக்கடைகளுக்கு நடுவே, கூரை இல்லாமல், எந்தச் சுவரோடும் சேராமல் பத்து ராட்சதத் தூண்கள். அதே அரண்மனையின் தூண்கள்! ஒரு காலத்தில் அரண்மனை எவ்வளவு தூரம் பரந்து கிடந்தது என்பதை மஹாலுக்குள் சுற்றுவதைவிட இந்தச் சந்தில் நின்றால்தான் உடம்பு உணரும். வெளியூர்க்காரர்களை அங்கே கூட்டிப்போகும் ஒரு வழிகாட்டியைக்கூட நான் பார்த்ததில்லை.

கீழைக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம். வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் கட்டியது. நாங்கள் வளரும் காலத்தில் அதற்குள் தையல் மெஷின்கள் கடகடக்கும். கூத்துக்கும் சாமி வேடத்துக்கும் ஜிப்பா தைப்பார்கள், பாத்திரம் கிடைக்கும், சோதிடப் புத்தகம் கிடைக்கும். இந்தப் பக்கம் யாளி, அந்தப் பக்கம் ரவிக்கைத் துணி. மண்டபத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். மாற்றியது சரிதான், கல்லுக்கு மூச்சு விட இடம் வேண்டும். ஆனால் தலைமுறை தலைமுறையாக அங்கே உட்கார்ந்து தைத்தவர்களின் கதையை எந்தப் பயணி கேட்டார்? அதற்கு அடுத்தாற்போல் ராய கோபுரம், முடிவடையாமலே நின்றுவிட்ட கட்டடம். எழுந்திருந்தால் இந்த ஊரிலேயே பெரியதாக இருந்திருக்கும். அதன் அடித்தளத்து ஒற்றைக்கல் நிலைத்தூண்கள் மட்டும் நிற்கின்றன, சுற்றிக் கடைகள். பக்கத்தில் ஏழுகடல் தெரு. அங்கே இருந்த தெப்பக்குளத்தின் மேல் இப்போது வணிக வளாகம் நிற்கிறது. இதைச் சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மேலமாசி வீதிக்கு வாருங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி தொப்பியையும் சட்டையையும் விட்டுவிட்டு நாலு முழ வேட்டிக்கு மாறியது அங்கே ஒரு வீட்டு மாடியில்தான். உலகமே அவரை நினைக்கும்போது மனதில் வரும் உருவம் இந்த வீதியில் பிறந்தது. கீழே கதர்க்கடை இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். அங்கிருந்து தமுக்கம் போனால் ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959 முதல் காந்தி அருங்காட்சியகம். சுடப்பட்ட அன்று அவர் உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. உடை மாறிய ஊரிலேயே கடைசி உடையும் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். ஆனால் சுற்றுலா வண்டிகளின் பட்டியலில் ஷாப்பிங்குக்கு இருக்கும் நேரம் இதற்கு இல்லை!

கோயிலைச் சுற்றி ஒரே மாதிரி ஆட்கள்தான் இருப்பார்கள் என்று நினைப்பவர்கள் காஜிமார் தெருவுக்குள் போய்ப் பெரிய பள்ளிவாசலைப் பார்க்கட்டும். பாண்டியர் காலத்துத் தொடர்பு உடையது. மஹாலைச் சுற்றிய தெருக்களில் நடந்தால் திண்ணையில் சௌராஷ்டிர மொழி காதில் விழும். புவிசார் குறியீடு பெற்ற சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் கைகள் அந்தச் சமூகத்துப் பெண்களின் கைகள். வையைக்கு வடகரையில் கோரிப்பாளையம் தர்கா. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் அந்தப் பக்கமெல்லாம் மனிதத் தலைகளாகத்தான் தெரியும்.

வையை என்றதும் சாக்கடை என்று மூக்கைப் பொத்துகிறீர்கள். பொத்துங்கள், அதில் நியாயம் இருக்கிறது. கழிவுநீர் விடுகிறவர்கள் மேல் எனக்கும் கொலைவெறி இருக்கிறது. ஆனால் 1889இல் திறந்த ஏ.வி. பாலத்தின் மேல் நின்று, ஆற்றுக்கு நடுவே நிற்கும் மைய மண்டபத்தை ஒரு நிமிடம் பார்த்தீர்களா? இரவு பத்து மணிக்கு மேல் ஊருக்குள் நடந்து பார்த்தீர்களா? நாளங்காடி என்ற பகல் சந்தையும் அல்லங்காடி என்ற இரவுச் சந்தையும் இருந்ததாகச் சங்கப் புலவர்கள் பாடிய ஊர் இது. நள்ளிரவில் பரோட்டாக் கல்லில் தட்டுகிற சத்தத்தையும், விடியற்காலை நான்கு மணிக்குக் காய்கறி மூட்டை இறங்குவதையும் மூன்று மணி வேனில் ஏறியவர் எங்கே கேட்பார், எங்கே பார்ப்பார்?

மலைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. மேலூர் சாலையில் ஒத்தக்கடையைத் தாண்டும்போது யானை படுத்திருக்கும் மாதிரி ஒரு மலை தெரியும், காரில் போகும் எல்லோரும் படம் எடுப்பார்கள். யாரும் இறங்க மாட்டார்கள். அதன் அடியில் நரசிங்கத்தில் கி.பி. 770இல் பாண்டிய அமைச்சர் மாறன் காரி குடைவித்த பெருமாள் கோயில் இருக்கிறது. அவர் இறந்த பிறகு தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து முடித்தார் என்று கல்வெட்டே சொல்கிறது. இந்தப் பக்கம் கீழக்குயில்குடிச் சமணர் மலை, தாமரைக்குளமும் ஆலமரமும் மேலே தீர்த்தங்கரர் சிற்பங்களும். மாங்குளத்துக் குன்றில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் பழைய தமிழ் எழுத்தான தமிழ்ப் பிராமியில் வெட்டியிருக்கிறது. தென்கிழக்கே கீழடியில் 2023இல் திறந்த அருங்காட்சியகம். இத்தனையும் மதுரையிலிருந்து போய்த் திரும்பும் தூரம்தான்.

இப்போது என் கோபத்தின் மறுபாதி. பயணிகளை மட்டும் திட்டினால் அது நேர்மை இல்லை.

ஆசையோடு தேடி வருகிறவருக்கு இந்த ஊர் வழி சொல்கிறதா? மேலே நான் எழுதிய இடங்களில் பலவற்றுக்கு ஒழுங்கான அறிவிப்புப் பலகை கிடையாது. இருந்தாலும் துருப்பிடித்து, அதன் மேல் ஒரு காதணி விழா சுவரொட்டி. தொல்லியல் துறைப் பலகை என்றால் சேதப்படுத்தினால் இத்தனை அபராதம் என்று மட்டும் இருக்கும். அது என்ன, யார் கட்டியது என்று நாலு வரி இருக்காது. டவுன்ஹால் ரோட்டில் கூடலழகர் கோயில் தெப்பக்குளம் இருப்பதே கடைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது. கோயிலுக்குள் 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்தது. கடைகளைக் கல் மண்டபத்துக்குள் அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்பதை அந்தத் தீ காட்டிவிட்டது. அதற்குப் பிறகும் ஊருக்குள் மற்ற மண்டபங்களை நாம் நடத்தும் விதம் மாறியிருக்கிறதா? பெண்கள் நின்று சுற்றிப் பார்க்கும் இடங்களில் சுத்தமான கழிப்பறை இருக்கிறதா? வெயிலில் நடக்கிறவருக்கு ஒரு நிழல், ஒரு குடிநீர்க் குழாய்? குப்பை என்று அவர்கள் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் குப்பை இருக்கிறது. அதைப் போட்டது அரை நாள் வந்துபோனவர் இல்லை. நாம்தான்.

ஆனாலும் இடித்துவிடலாம் என்று சொல்லாதீர்கள். அகலப்படுத்தலாம், எல்லாக் கடையையும் விரட்டிவிட்டுக் கோயிலைச் சுற்றிப் புல்தரை போடலாம் என்று யோசனை சொல்லாதீர்கள். சித்திரை வீதிகளில் வண்டி விடாமல் கல் பதித்திருக்கிறார்கள், மாலையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். அது நல்ல வேலை. அதேபோல் மாசி வீதிகளையும் தேரும் மனிதரும் வியாபாரமும் சேர்ந்து வாழ்கிற மாதிரி ஒழுங்குபடுத்தலாம். வெறிச்சோடிப்போன வீதிக்கு நடுவில் ஒரு கோயில் நின்றால் அது மதுரையாக இருக்காது.

அடுத்த முறை வருகிறவர்கள் தயவுசெய்து ஒரு இரவு தங்குங்கள். சாயங்காலம் கோயில். அது முடிந்ததும் ஆவணி மூல வீதி வழியாக மாசி வீதி, அங்கிருந்து விளக்குத்தூண், பத்துத்தூண் சந்து என்று நடந்தே வாருங்கள். ஆட்டோ வேண்டாம். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் வண்டியூர் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் உட்காருங்கள். மஹாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் 1645இல் அந்தக் குளமானது. இவ்வளவையும் பார்த்த பிறகும் ஒன்றுமில்லை என்று சொன்னால் நான் வாதாட வரமாட்டேன்.

நகரத்தை நிர்வகிப்பவர்களுக்கும் சொல்கிறேன். பெரிய திட்டம், பெரிய வளைவு எல்லாம் பிறகு வரட்டும். ஒரு ஆளை அனுப்பி, அந்தப் பத்துத் தூண்களைச் சுற்றி நிறுத்தியிருக்கும் பைக்குகளை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒவ்வொரு தூணுக்கும் பக்கத்தில் நின்று படிக்கிற மாதிரி, தமிழில், நாலு வரி எழுதி வையுங்கள். இதற்குக்கூடவா நிதி இல்லை?