கண்டெடுத்த கல்லை வாட்சாப்பில் புதைத்துவிடாதீர்கள்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஊர் ஊராக அலைந்து நடுகற்களையும் கல்வெட்டுகளையும் தேடிவரும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோளாக இதை எழுதுகிறேன். நீங்கள் கண்டதை வாட்சாப் குழுவில் பகிர்ந்த கையோடு, அதன் படத்தை விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்திலும், அதைப் பற்றி ஏற்கெனவே அச்சேறிய செய்தியைத் தமிழ் விக்கிப்பீடியாவிலும் சேர்த்துவிடுங்கள். குழுவில் போட்ட படம் இரண்டு நாளில் அடியில் போய்விடுகிறது. குழுவில் இல்லாத ஒருவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. அதோடு, வாட்சாப் வழக்கமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. பெரும்பாலான செங்கம் பகுதி நடுகற்களைப் போல வட்டெழுத்து என்னும் பழைய வரிவடிவத்தில் வெட்டப்பட்ட கல்லாக இருந்தால், ஒரு வளைவு மங்கினாலே ஓர் எழுத்து வேறோர் எழுத்தாகத் தோன்றிவிடும். படம் எடுத்த நாளும் இடமும் கோப்பிலேயே பதிந்திருக்கும் அல்லவா, அதுவும் இந்தச் சுருக்கத்தில் கழன்றுவிடுகிறது.

இடம் என்பது நம் பகுதிக்கு மற்ற எந்தப் பகுதியையும்விடப் பெரிய சிக்கல். பழைய வட ஆர்க்காட்டிலிருந்து 1911இல் சித்தூர் பிரிந்தது. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. எஞ்சிய பகுதி பின்னர் வேலூர் மாவட்டம் என்று பெயர் பெற்று, 2019இல் அதுவும் மூன்றானது. அதனால் கல்வெட்டறிஞர் ஹுல்ச் பதிப்பித்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ மூன்றாம் தொகுதியில் திருவல்லத்தையும் மேல்பாடியையும் வட ஆர்க்காட்டு ஊர்களாகப் படிக்கும் மாணவர், இன்றைய காட்பாடி வட்டத்தில் அவற்றைத் தேட வேண்டும் என்று அறிய வழி வேண்டும். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் பாறையில் குடைவித்த மகேந்திரவாடிக் குடைவரைக் கோயிலை ஒரு நூல் வட ஆர்க்காடு என்னும், அடுத்தது வேலூர் என்னும், இன்றைய அரசுப் பதிவேடு இராணிப்பேட்டை என்னும். மூன்றும் அந்தந்தக் காலத்துக்குச் சரியானவையே. அச்சு நூலை நாம் திருத்த முடியாது. விக்கிக் கட்டுரையில் இன்றைய வட்டத்தையும் மாவட்டத்தையும் எழுதி, பழைய பெயரையும் பக்கத்திலேயே குறித்து, அட்சரேகை தீர்க்கரேகையையும் சேர்த்துவிட்டால், மாவட்டங்கள் இன்னும் எத்தனை முறை பிரிந்தாலும் கல் தொலையாது. பரபரப்பில்லாத இந்த வேலையை உள்ளூர்க்காரர்தான் சரியாகச் செய்ய முடியும். எந்த ஏரிக்கரை, எந்தக் கொல்லை, எந்த அம்மன் கோயிலுக்குப் பின்புறம் என்பது சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்?

நம்மவர்கள் பலர் விக்கியில் ஒருமுறை எழுதிப் பார்த்து, மனம் கசந்து விலகியிருக்கிறார்கள். தாம் வாசித்த கல்வெட்டு வரிகளைச் சேர்த்தவுடன் ‘மேற்கோள் தேவை’ என்று ஒருவர் குறியிடுகிறார், அல்லது சொந்த ஆய்வு என்று சொல்லி நீக்கிவிடுகிறார். வெயிலில் நின்று கல்லைக் கழுவி வாசித்தவருக்கு அது அவமதிப்பாகத் தோன்றுவது இயல்பு. ஆனாலும் ஏற்கெனவே வெளியான சான்று வேண்டும் என்ற அந்த விதி சரியானது என்பதே என் உறுதியான கருத்து. காரணத்தைக் கல்வெட்டு படிப்பவர்கள் நன்கு அறிவார்கள். பழங்கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்பட்டிரா. துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோல இருக்கும். ஒரே வரியை இரண்டு தேர்ந்த வாசிப்பாளர்கள் இரண்டு விதமாகப் படிப்பதற்கு இவ்வளவே போதும், கல் தேய்ந்திருக்கவும் வேண்டியதில்லை. இத்தகைய துறையில், முன்பின் தெரியாத ஒருவர் தட்டச்சு செய்த வாசிப்பை எவரும் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டால், அந்தப் பிழையே நாளை பத்து வலைத்தளங்களில் உண்மையாக நிற்கும்.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. படம் எவருடைய சான்றும் இல்லாமல் பொதுவகத்துக்குப் போகலாம்; அது நீங்களே எடுத்ததாக இருந்தால் போதும். புதிய வாசிப்பை முதலில் துறை அறிந்தவர்களிடம் காட்டி, தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ போன்ற இதழில் வெளியிடச் செய்யுங்கள். அச்சானபின் இதழின் பெயர், ஆண்டு, பக்க எண்ணுடன் கட்டுரையில் சேருங்கள். முன்பு பதிப்பிக்கப்பட்ட வாசிப்பு தவறு என்று தோன்றினால் அதை அழித்துவிட்டு உங்களுடையதை எழுதாதீர்கள். கட்டுரையோடு இணைந்திருக்கும் பேச்சுப் பக்கத்தில், எந்த வரியில் எந்த எழுத்து ஐயத்துக்குரியது என்று படத்தைக் காட்டிக் கேளுங்கள். நல்ல பேச்சுப் பக்கம் ஒன்று சில நேரம் கட்டுரையைவிட அதிகம் கற்றுத்தரும்.

படம் எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எடுத்தனூர் நடுகல்லைப் பலரும் அறிவீர்கள்: மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது; எருமைகளைக் காத்து இறந்த வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயையும் பெயரோடு நினைவுகூர்வது. இப்படிப்பட்ட கல்லுக்கு வீரனின் உருவம் தெரியும் ஒரே ஒரு படம் போதாது. காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது எழுத்துப் பகுதியை மட்டும் நெருக்கத்தில் எடுங்கள். அளவு தெரிய ஓர் அளவுகோலை அருகில் வையுங்கள். கல்லைச் சுற்றியுள்ள இடம் தெரியுமாறு இன்னொன்றும் எடுங்கள். எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணாம்போ சாக்பீஸோ தடவாதீர்கள். தடவியவர் எதை எழுத்து என்று நினைத்தாரோ அதுதான் அந்தப் படத்தில் தெரியும். அடுத்தவர் தம் கண்ணால் வாசிக்க அதில் ஒன்றும் மிஞ்சாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பெயர்த்தெடுத்துச் செல்லக்கூடிய சிறு சிற்பமாக இருந்தால், அது பாதுகாப்பான இடத்துக்குப் போகும்வரை துல்லியமான இடக்குறியைப் பொதுவில் போட வேண்டாம்; ஊர்ப் பெயரே போதும். மண்ணுக்கடியில் கிடைத்த பொருள் என்றால் வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தெரிவிப்பதே முதல் வேலை.

‘நான் எடுத்த படத்தை எவரோ தம் புத்தகத்தில் போட்டுக்கொள்வார்களே’ என்ற அச்சத்தை அடிக்கடி கேட்கிறேன். அது இப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, உங்கள் பெயரே இல்லாமல். பொதுவகத்தில் நிழற்படங்களுக்குப் பரவலாக வழங்கப்படும் படைப்பாக்கப் பொதுமங்கள் (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தின்படி எவரும் படத்தைப் பயன்படுத்தலாம், விற்கும் நூலிலும் போடலாம். ஆனால் எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். எந்த நாளில், எந்தக் கணக்கிலிருந்து அது பதிவேறியது என்பதும் பக்கத்தின் வரலாற்றில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். பறிகொடுத்தவர் எடுத்துக்காட்ட இதைவிட நல்ல சான்று ஒரு முகநூல் பதிவில் கிடைக்காது.

கணக்குத் தொடங்குவதிலோ பதிவேற்றுவதிலோ தடுமாற்றம் இருப்பவர்கள், குறிப்பாகக் கைப்பேசியில் மட்டும் வேலை செய்யும் ஜவ்வாது மலைப் பக்கத்து நண்பர்கள், உள்பெட்டியில் எழுதுங்கள். உடனிருந்து காட்டித் தருகிறேன். கணக்கு மட்டும் உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும், ஏனெனில் உரிமம் வழங்க வேண்டியவர் படம் எடுத்தவர்தாம். படத்தை வாட்சாப்பிலிருந்து இறக்காமல், கேமராவில் இருக்கும் மூலக் கோப்பையே எடுத்து வையுங்கள்.