தட்டைத் தனியாக வைக்கச் சொல்லும் அந்த வாட்ஸ்அப் தகவல் பொய்

கம்பம், குமுளிப் பக்கத்து குரூப்புகளில் ஒன்று சுற்றுகிறது: வீட்டில் யாருக்காவது எச்ஐவி இருந்தால் தட்டு, டம்ளர், கக்கூஸ் எல்லாம் தனியாக வைக்கணுமாம், இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமாம்.

பொய். எச்சில், வியர்வை, கொசுக்கடி, ஏலத்தோட்டத்துக்கு ஒரே ஜீப்பில் இடித்துக்கொண்டு போவது, எதிலும் பரவாது. பரவும் வழிகள்: பாதுகாப்பில்லாத உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவது, அப்புறம் கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கு. இவ்வளவுதான்.

சரி, தனித்தட்டு வைத்தால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? ஒதுக்கிவைத்த அவமானத்தில் அந்த ஆள் எச்ஐவி மாத்திரையை ஒளித்துவைத்து, நாலு பேர் இருந்தால் போடாமல் விட்டு, கடைசியில் நிறுத்தியே விடுவார், வைரஸ் திரும்ப ஏறும். ஆனால் வைரஸை அடக்கிவைக்கும் அந்த ஏஆர்டி மாத்திரையை விடாமல் போட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்றால், உடலுறவில்கூடத் துணைக்குப் பரவாது. "மாத்திரை போட்டியாப்பா?" என்று கேட்கிற அம்மா இருக்கிற வீட்டில் இது நடக்கும்.

பரிசோதனை இலவசம், ரகசியம்: நம்மூர் அரசு ஆஸ்பத்திரியில் நம்பிக்கை மையம், மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஜ்யோதிஸ் மையம். சந்தேகம் இருந்தால் 1097க்குப் போன் போடுங்கள், அதுவும் இலவசம்தான்.