எச்.பி. இருக்கட்டும், நீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்

கிணற்று மோட்டார் வாங்க வந்தவரிடம் நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்றுகூடக் கேட்காமல், பெட்டியை எடுத்து மேசைமேல் வைக்கும் துணிச்சல் இந்தக் கடைக்காரர்களுக்கு எங்கிருந்து வருகிறது? எங்கள் வீட்டு மாடியில் ஷவரைத் திறந்தால் நீர் நூலாக இறங்குகிறது. கீழே யாராவது சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டால் அந்த நூலும் அறுந்துவிடுகிறது. தலை நிறைய நுரையோடு கண்ணை மூடிக்கொண்டு நின்றவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

கிணற்று நீருக்குள் மூழ்கி ஓடும் பழைய சப்மெர்சிபிள் மோட்டார் ஓய்ந்துவிட்டது. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், அழுத்தமும் சரியாகட்டும் என்று எல்லா அளவுகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். மோட்டார் ஓடாதபோது நீர்மட்டம் 28 மீட்டர், ஓடும்போது 34 மீட்டர், மோட்டார் தொங்குவது 42 மீட்டரில். காற்றழுத்தத்தால் நீரை வீட்டுக் குழாய்களுக்குத் தள்ளும் பிரஷர் டேங்க் தரைமட்டத்தில் இருக்கிறது; அதன் சுவிட்ச் 30 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) அளவில் மோட்டாரை இயக்கி 50 பி.எஸ்.ஐ.யில் நிறுத்துகிறது. விற்பனையாளர் அந்தத் தாளை வாங்கினார். மடித்தார். கால்குலேட்டருக்கு அடியில் செருகினார். பிறகு என்னைப் பார்த்து, "எத்தனை எச்.பி. சார்?" என்றார்.

எச்.பி. என்பது மோட்டாரின் திறன், அவ்வளவுதான். அந்தத் திறனைக் கொண்டு நிறைய நீரைக் கொஞ்ச உயரத்துக்கும் தள்ளலாம், கொஞ்ச நீரை நிறைய உயரத்துக்கும் தள்ளலாம். எது நடக்கும் என்பதை முடிவு செய்வது உள்ளே அடுக்கியிருக்கும் இம்பெல்லர்களின், அதாவது சுழன்று நீரைத் தள்ளும் சக்கரங்களின், வடிவமும் எண்ணிக்கையும்தான். அவர் மேசைமேல் வைத்த இரண்டு பெட்டிகளுமே ஒன்றரை எச்.பி. ஒன்றில் 10 ஸ்டேஜ் (இம்பெல்லர் அடுக்கு), மற்றொன்றில் 15 ஸ்டேஜ். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார், இது கொஞ்சம் விலை கம்மி" என்று 10 ஸ்டேஜ் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

ஒன்றா? அந்த 10 ஸ்டேஜ் பெட்டியின் பக்கவாட்டிலேயே அதிகபட்ச ஹெட், அதாவது நீரைத் தள்ளக்கூடிய உயரம், 60 மீட்டர் என்று அச்சிட்டிருக்கிறது. ஒரு பார் அழுத்தம் என்பது ஏறத்தாழ 10 மீட்டர் நீர் உயரம், 50 பி.எஸ்.ஐ. என்றால் சுமார் 35 மீட்டர். ஓடும்போது நீர் இருக்கும் 34 மீட்டரிலிருந்து தரைக்கு ஏற்ற வேண்டும், அதற்குமேல் டேங்கில் இந்த 35 மீட்டர் அழுத்தத்தையும் உண்டாக்க வேண்டும், குழாயின் உராய்வுக்கும் சில மீட்டர்களை விட்டுவைக்க வேண்டும். கூட்டினால் 70 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. 60 மீட்டரோடு நின்றுவிடும் மோட்டார் அந்த 50 பி.எஸ்.ஐ.யை எந்தக் காலத்திலும் எட்டாது, எட்டாததால் சுவிட்ச் அதை நிறுத்தவும் செய்யாது. வீட்டில் ஒரு குழாய்கூடத் திறந்திராதபோதும் அது நீரைத் தள்ள முடியாமல் கிணற்றுக்குள்ளேயே சூடேறிக்கொண்டே ஓடும், மின்கட்டணமும் அதோடு ஓடும். இதைத்தான் "ஒண்ணுதான்" என்கிறார்!

பெட்டியின் முகப்பில் இரண்டு எண்களைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: அதிகபட்ச ஹெட், அதிகபட்ச நீர் வெளியேற்றம். இவை இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கவே கிடைக்காது. அதிகபட்ச ஹெட்டில் ஒரு சொட்டு நீர்கூட வெளியே வராது. அதிகபட்ச நீர் வருவதோ உயரமே ஏற்ற வேண்டாத இடத்தில். வாங்குபவருக்குத் தேவையானது இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில், 70 மீட்டரில் மணிக்கு எத்தனை லிட்டர் என்ற அட்டவணை. அதைக் கேட்டபோது விற்பனையாளர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவர் கூரையைப் பார்த்தார், கடைசியில் ஏதோ ஓர் இழுப்பறையின் அடியிலிருந்து வேறொரு மாடலின் கசங்கிய தாள் வந்தது. மோட்டாரைத் தேர்ந்தெடுக்க உதவும் ஒரே தாளைக் கடையில் யாரும் கண்ணால் கண்டதில்லை என்றால் இவர்கள் இத்தனை காலமாக எதை வைத்து விற்கிறார்கள்?

வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் வேறு, "பேசாம ரெண்டு எச்.பி. போடுங்க தம்பி, பிரஷர் பிச்சுக்கிட்டு வரும்" என்று அக்கறையோடு சொன்னார். ஊறும் அளவை விட வேகமாக இறைத்தால் நீர்மட்டம் மோட்டார் வரைக்கும் இறங்கிவிடும். சுற்றியுள்ள நீரால்தான் அந்த மோட்டார் குளிர்கிறது என்பதால், வறண்டு ஓடினால் சீக்கிரமே கருகும். பழைய குழாயின் உள்விட்டம் உப்புப் படிந்து பாதியாகியிருந்தால் அதே அளவு நீருக்கு உராய்வு இழப்பு ஏறத்தாழ 30 மடங்காகும். அங்கே எவ்வளவு பெரிய மோட்டாரைப் போட்டாலும் அந்த அடைப்போடு மல்லுக்கட்டத்தான் செலவாகும். மேல்நிலைத் தொட்டி வழியாகத் தண்ணீர் எடுக்கும் வீடுகளில் நிலைமை இன்னும் கொடுமை. அங்கே குழாயில் வரும் அழுத்தம் தொட்டியின் உயரத்தைப் பொறுத்தது, கிணற்று மோட்டாரைப் பொறுத்ததே அல்ல. ஷவருக்கு மேல் 3 மீட்டரில் தொட்டி இருந்தால் அதிகபட்சம் 0.3 பார்தான், கிணற்றில் எந்த மோட்டாரை இறக்கினாலும் தொட்டி விரைவாக நிரம்புமே ஒழிய ஷவர் மாறாது. அந்த வீட்டுக்காரர்களுக்கும் இதே கடைகளில் பெரிய மோட்டாரையே தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது. வடிகட்டி அடைத்திருக்கிறதா, பிரஷர் டேங்கில் காற்று இறங்கியிருக்கிறதா என்றாவது ஒருவர் கேட்டிருக்கலாம்.

உத்தரவாத அட்டையையும் நின்ற இடத்திலேயே படித்தேன். குறிப்பிட்ட ஹெட் வரம்புக்கு வெளியே இயக்கியதால் பழுதானால் உத்தரவாதம் செல்லாது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. வரம்பு எது என்பது விற்பவருக்குத் தெரியாது, அட்டவணை கடையில் கிடையாது, ஆனால் மீறினால் பொறுப்பு வாங்கியவருடையது! தவறான மோட்டார் என்று தெரிந்த பிறகு 42 மீட்டர் குழாயையும் கயிற்றையும் கேபிளையும் மேலே இழுத்து, இணைப்புகளைப் பிரித்து, மறுபடியும் இறக்கும் கூலியை அந்தக் கடை தரப்போகிறதா? 15 ஸ்டேஜ் மோட்டாருக்கான அட்டவணையைக் காட்டினால்தான் பணம் தருவேன் என்று சொல்லிவிட்டு, கால்குலேட்டருக்கு அடியில் இருந்த என் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். படியிறங்கும்போது பின்னால் அடுத்தவரிடம் அதே கேள்வி கேட்டது: "எத்தனை எச்.பி. சார்?"